சுத்திதான் அத்தை

எங்கள் வீட்டில் 'தூரம்' என்ற சொல்லுக்குத் தடை. தடை போட்டவள் நான்தான். சின்ன வயதில் அம்மா மாதத்துக்கு ஒருமுறை "இன்னிக்கு நான் வீட்டுக்குத் தூரம்" என்பார். சொல்லிக்கொண்டே அதே வீட்டுக்குள் சோறு வடிப்பார். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த எங்கள் லயத்து வீட்டில் இருந்தது ஓர் அறையும் ஒரு குசினியும். அதற்குள் யாரும் யாருக்கும் தூரமாக இருக்க முடியாது. விடிவதற்கு முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பெயர் கொடுத்துவிட்டு, மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு செம்பனை வரிசைகளுக்குள் புல்லுக்கு மருந்தடிக்கப் போய்விடுவார். இந்த நாட்களில் நீ பம்பைத் தூக்கக்கூடாது என்று கணக்கெழுதும் எந்தக் கிராணியும் அம்மாவைத் திருப்பி அனுப்பியதில்லை. மருந்து சுமக்கும்போது இல்லாத தீட்டு, மூலையில் இருந்த சாமி விளக்கைத் தொடப்போனால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். அம்மா தூரமாக இருந்தது அந்த விளக்குக்கு மட்டும்தான்.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இனப்பெருக்கப் பாடம் வரும் வாரம் வகுப்பே ஒரு மாதிரியாக இருக்கும். பின்வரிசைப் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் படம் இருக்கும் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு படிப்பார்கள். நான் பலகையில் கர்ப்பப்பையை வரைந்து அம்புக்குறி போடுவேன். பல வருடம் வரைந்த பிறகுதான் அந்தப் படத்தில் ஒன்று எனக்கு உறைத்தது. கர்ப்பப்பை இருக்கிறது, இரண்டு பக்கமும் குழாய்கள் இருக்கின்றன, ஆனால் அதைச் சுற்றி ஒரு பெண் இல்லை. அது பாட்டுக்கு அந்தரத்தில் தொங்குகிறது. ஊரும் எங்களை அப்படித்தான் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றும். பெண்ணின் இயல்பு இது, பெண்ணின் உடம்பு இப்படி என்று பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பையை மட்டும்தான் பார்த்துப் பேசுகிறார்கள். பக்கத்தில் ஒரு மனுஷி நின்று கேட்டுக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

என் மகள் பதின்மூன்று வயதில், முதலாம் படிவம் படிக்கும்போது வயதுக்கு வந்தாள். பள்ளியிலிருந்து சுவெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"அம்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஹால் வேணாம். பேனர் வேணாம். ப்ளீஸ்மா."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில்தான் அவளுடன் படிக்கும் பிள்ளைக்குக் கோலசிலாங்கூரில் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்தார்கள். பட்டுப்புடவை, பின்னலில் பூ, நுழைவாயிலில் தேர்தல் வேட்பாளருக்கு வைப்பதைப்போல் ஆளுயரப் படம். அந்தப் படம் பள்ளிப் பையன்களின் கைப்பேசிகளில் ஒரு சுற்று வந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்கிறார்கள். அந்தப் பெரிய மனுஷி எங்கே போகலாம், எப்படி உட்காரலாம், யாரோடு சிரிக்கலாம் என்பதையெல்லாம் அன்றிலிருந்து மற்றவர்கள் முடிவு செய்வார்கள். சின்ன மனுஷியாக இருந்தவரைக்கும் அவளுக்கு இருந்த சலுகைகூட அதன் பிறகு கிடையாது. நான் மகளுக்கு வாக்குக் கொடுத்தேன். என் கணவருக்கு மட்டும் சொன்னேன். அவர் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு, "சரி. ஆனா அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன பண்றது?" என்றார்.

அக்கா என்றால் அவருடைய அக்கா, என் நாத்தனார். தாய் இறந்தபோது என் கணவர் கைப்பிள்ளை. தூக்கி வளர்த்தது இந்த அக்காதான். தோட்டத்தில் காட்டு வேலை செய்தும், பிறகு அசாம் ஜாவா பக்கம் ஒரு தொழிற்சாலையில் மலாய்ப் பெண்களோடு நின்று பொட்டலம் கட்டியும் தம்பியைப் படிக்க வைத்தவர். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது புக்கிட் ரோத்தானில் தனியாக இருக்கிறார். நாங்கள் வளர்ந்த பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பெண்கள் தொடர்பான எதுவும் அவரைத் தாண்டி நடக்காது. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, பயமும் உண்டு. அவருக்கு என்மேல் பாசமும் உண்டு, சந்தேகமும் உண்டு.

'தூரம்' கூடாது என்று சொல்லிவிட்டேனே தவிர, பதிலுக்கு எந்தச் சொல்லைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'தீட்டு' அதைவிட மோசம். 'மாதவிடாய்' பாடநூலைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. காலையில் குளியலறைக்கு வெளியே நின்று, "மாதவிடாயாம்மா?" என்று எந்தத் தாயாவது கேட்பாளா? கடைசியில் சொல்லைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் மகள்தான். நோன்பு மாதத்தில் அவளுடைய மலாய்த் தோழி பள்ளியின் ஒரு மூலையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். நோன்பு இல்லையா என்று கேட்டதற்கு "ச்சுத்தி" என்றாளாம். மலாயில் ச்சுத்தி என்றால் விடுமுறை.

"அந்த டைம்ல சாமியே லீவு குடுத்துடுவாராம்மா. நோம்பு வேணாம், தொழுவ வேணாம். எவ்ளோ நைஸ் லா," என்றாள்.

லீவு என்றாலும் அதுவும் ஒருவகையில் வெளியே நிறுத்தி வைப்பதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். தூரமாகப் போ என்பதற்கும் ஓய்வெடு என்பதற்கும் கேட்கிற பிள்ளையின் முகத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதை அப்போது கண்ணால் பார்த்தேன். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் தமிழ் வாயில் அதன் முதல் எழுத்து தேய்ந்து வெறும் 'சுத்தி' ஆனது. "அம்மா, சுத்தி" என்று அவள் சொல்வாள். நான் வெந்நீர் வைப்பேன். அவ்வளவு லேசான காரியமாக அது எங்களுக்கு ஆகியிருந்தது.

அதன் பிறகுதான் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. நெஞ்சைத் திறந்து செய்கிற அறுவை சிகிச்சை. நாங்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது மகள் சுவரைப் பார்த்து நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்பா வீடு திரும்பிய பிறகுதான் சொன்னாள். மாரியம்மனுக்கு மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாளாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பக்தி கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. ஆனால் அவள் தானாக வேண்டிக்கொண்டது, தன் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டது. அதற்குள் மூக்கை நுழைக்க எனக்கு உரிமை இல்லை என்று இருந்துவிட்டேன்.

திருவிழா நாள் காலை. தோட்டம் இப்போது யார் யாருக்கோ கைமாறி, லயங்களை இடித்து, வேலைக்கு வங்காளதேசத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே அப்படியே இருக்கிறது. பெரிய சாலை முனையில் இருக்கும் பிள்ளையார் சன்னதியில் குடங்களில் பால் நிரப்பி, அங்கிருந்து செம்மண் பாதையில் நடந்து கோயிலுக்குப் போக வேண்டும். வண்டியை நிறுத்தியதும் என் கணவர் இறங்கித் தன் அக்காவைத் தேடிப் போனார். மகள் பின் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பாவாடை, மஞ்சள் தாவணி.

"அம்மா. சுத்தி."

வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இது வெறும் ரத்தம், உடம்பின் வேலை, இதில் அசிங்கமும் இல்லை பாவமும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு வரியும் அந்த நேரத்தில் கைகொடுக்க வரவில்லை.

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

"எடுக்கணும். அப்பாவுக்கு வேண்டிக்கிட்டதும்மா."

"அப்ப எடு."

"அம்மன் கோவிச்சுக்குமா?"

"அம்மனும் பொம்பளதானே."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து பேட் ஒன்றை எடுத்துக்கொண்டு, "யாராச்சும் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்மா. சாமிக்கு முன்னாடி பொய் சொல்லக்கூடாது," என்றாள். யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். அவள் வயதுக்கு வந்ததே அங்கே யாருக்கும் தெரியாது, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நம்பித்தான் சொன்னேன்.

உண்மையில் என் பயம் அம்மனைப் பற்றியதல்ல. நாளைக்கே அவள் அப்பாவுக்கு மறுபடி ஒரு வலி வந்தால்? அந்தப் பிள்ளை யாரைக் குற்றம் சொல்லும்? தன் உடம்பைத்தான். எந்த மருத்துவர் எத்தனை படம் வரைந்து விளக்கினாலும் அந்த எண்ணத்தை அவள் தலையிலிருந்து இறக்க முடியாது. பால்குடத்தை இறக்கி வைத்துவிடலாம், இதை இறக்க முடியாது. எடு என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளையார் சன்னதியில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. உறுமி அடிக்கிறவர்கள் தோலைச் சூடுகாட்டி முடித்துவிட்டு முழு வீச்சில் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். என் நாத்தனார் பெண்கள் வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். ஒவ்வொருவருடைய காதருகே குனிந்து ஒரு கேள்வி கேட்பார், பதில் வந்ததும் தன் கையாலேயே குடத்தைத் தூக்கித் தலையில் வைப்பார். அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். நான் கன்னியாக இருந்த காலத்திலிருந்து அதே கேள்விதான். ஆண்கள் வரிசையில் அந்தக் கேள்வி கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் கடையில் பீர் போத்தலும் கையுமாக இருந்தவர்கூட மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டால் முடிந்தது, அவர் சுத்தம்.

என் மகளிடம் வந்ததும் அவர் நின்றார். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கடந்த ஒரு வருடத்தில் அவள் நன்றாக வளர்ந்திருந்தாள். நாத்தனாரின் பார்வை தாவணியில் ஒரு கணம் தங்கி, என்னிடம் வந்து, திரும்ப அவளிடம் போனது. அவள் வயதுக்கு வந்துவிட்டதை அவர் ஊகித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. குனிந்து கேட்டார். உறுமிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டியிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சுத்தமாத்தான் இருக்கியாம்மா?"

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சுத்திதான் அத்தை."

நாத்தனாரின் முகம் மலர்ந்தது. அவள் கன்னத்தைத் தட்டி, "என் தங்கம்," என்று சொல்லிக் குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். பிறகு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

எனக்கு என்ன நடந்தது என்று விளங்கச் சில நொடிகள் ஆயின. அவள் சொன்னது சுத்தி. இவர் கேட்டுக்கொண்டது சுத்தம். பிள்ளை கொஞ்சமும் பொய் சொல்லவில்லை, அத்தையும் தெரிந்து ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒரு எழுத்து வழுக்கியதில் குடம் தலைக்கு ஏறிவிட்டது. மகள் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அத்தையிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அத்தையும் சரி என்று சொல்லிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஊர்வலம் நகர ஆரம்பித்தது.

செம்மண் பாதையில் வெயில் ஏறிவிட்டது. நான் அவளுக்குப் பின்னால், அவள் பாவாடையின் மஞ்சளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தேன். எங்கேயாவது ஒரு பொட்டு சிவப்பு தெரிந்தால் என் முந்தானையை உருவி அவள் இடுப்பில் சுற்றிவிட வேண்டும் என்று கையில் பிடித்தே வைத்திருந்தேன். அம்மன் நெற்றியிலும் சிவப்பு, புடவையிலும் சிவப்பு, காலடியில் கொட்டிய குங்குமமும் சிவப்பு. ஒரு பிள்ளையின் பாவாடையில் பட்டால் மட்டும் உலகம் இடிந்துவிடும். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு வந்த லோரி ஒன்று எங்களுக்கு வழிவிட்டு ஓரம்கட்டி நின்றது. அதன் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுத் தலைக் குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

என் கணவரை நிழலில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருந்தேன். கேட்டால்தானே. மகளின் பக்கத்திலேயே நடந்து வந்தார். பாதி வழியில் அவர் நடை தளர்ந்தது. நெற்றியைத் துடைத்தார். பிறகு வாய்க்கால் பாலத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் வலது கை நெஞ்சுக்குப் போனது.

மகள் பார்த்துவிட்டாள். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது. குடம் ஆடி, பால் தளும்பி அவள் காதோரமாக வழிந்தது. நான் அவரிடம் ஓடினேன்.

"ஒண்ணுமில்ல. வெயிலு. தையல் போட்ட எடம் இழுக்குது, அவ்ளோதான்," என்றார். உதடு வெளுத்திருந்தது. யாரோ தண்ணீர் போத்தலை நீட்டினார்கள். "நீ அவகூடப் போ. அவளப் பாரு."

நான் அவளைப் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அப்பாவையே பார்த்தபடி, உதட்டை அழுத்திக்கொண்டு, ஒரு கையால் குடத்தைப் பிடித்து அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடித்து எழுந்து கையசைத்த பிறகுதான் தலையை முன்னால் திருப்பினாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

கோயிலில் பாலை ஊற்றியாயிற்று. அவள் கையிலிருந்து குடத்தை வாங்கிப் பூசாரி அம்மன்மேல் சாய்த்ததை நான் வாசல் தூணோரம் நின்று பார்த்தேன். வானம் இடிந்து விழவில்லை. என் கணவர் மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சுவிட்டபோது மகள் ஓடிப்போய் அத்தையைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். நாத்தனார் வாளியில் பாயசம் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"தேங்க்ஸ் அத்தை."

"எதுக்குடி?"

"நீங்க ஏசுவீங்கன்னு நெனச்சேன். சுத்தின்னு சொல்லியும் விட்டீங்களே. அப்பா வழியில ஒக்காந்தப்ப எனக்கு ரொம்ப பயம். ஆனா அத்தையே ஓகேன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்னன்னு நெனச்சுக்கிட்டேன்."

நாத்தனாரின் கையில் வாளி அப்படியே நின்றது. மலாய்ப் பெண்களோடு அத்தனை வருடம் வேலை பார்த்தவர். அந்தச் சொல் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அது அவருக்குள் இறங்குவதை நான் கண்ணெதிரே பார்த்தேன். முகம் வெளிறிவிட்டது. கண் சன்னதிப் பக்கம் போனது, பிறகு மண்டபத்தில் இருந்த தம்பியிடம் போனது, கடைசியில் தன் இடுப்பைச் சுற்றியிருந்த இரண்டு சின்னக் கைகளுக்கு வந்தது. வாயைத் திறந்தார். இதோ வருகிறது என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"போ. போயி சாப்புடு. பசியோட இருக்கே," என்றார்.

மகள் துள்ளிக்கொண்டு போனாள். நாத்தனார் வாளியைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்த வார்த்தையா?"

"அவளே கொண்டுவந்தது அண்ணி."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம்."

"போன வருஷம்," என்று திரும்பச் சொன்னார். "அவ அப்பனத் தூக்கி வளத்தவ நான். எங்கிட்ட சொல்லத் தோணல ஒனக்கு." அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவள்தான் யாரிடமும் சொல்லாதே என்றாள், அவள் உடம்பு அது, அவள் பேச்சுதான் பேச்சு என்று நாலு வரி தயாராக இருந்தது. ஆனால் அவர் நிற்கவில்லை. நேராகச் சன்னதிக்குப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பாயச வாளியை நான் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனேன்.

வீடு திரும்பும்போது நான் வண்டி ஓட்டினேன். என் கணவர் பக்கத்தில், மகள் பின்னால். எங்கள் வீடு தஞ்சோங் காராங்கில். கோலசிலாங்கூரைத் தாண்டி ஆற்றுப் பாலம் ஏறும்வரை மகள் அத்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அத்தை ரொம்ப கூல், நாமதான் தேவையில்லாம பயந்தோம், அடுத்த வருடமும் அத்தைதான் குடத்தைத் தூக்கி வைக்க வேண்டும். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

பாலம் இறங்கியதும் கைப்பேசி அடித்தது. நாத்தனார். என் கைப்பேசி வண்டியோடு இணைந்திருப்பதால் குரல் ஒலிபெருக்கியில்தான் வரும். பொத்தானை அழுத்தி, "அண்ணி, வண்டியில இருக்கேன்," என்று ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"நீ குறுக்க பேசாத. நான் சொல்லி முடிச்சர்றேன். அந்தப் புள்ள சுத்தின்னு சொன்னத நான் சுத்தம்னு கேட்டுட்டேன். சரியா கேட்டிருந்தா வரிசையிலேர்ந்து எறக்கிருப்பேன். சத்தியமா எறக்கிருப்பேன்."

நான் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து மகளின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் பேசறேன். ஆனா அவகிட்ட நான் தப்பா கேட்டேன்னு நீ சொல்லிடாத. நாளைக்கு தம்பிக்கு ஒரு தலவலி வந்தாக்கூட தன்னாலதான்னு அந்தப் புள்ள நெனச்சுக்கும். காலம்பூரா சொமக்கும். அது வேணாம். அவ கட்டிப் புடிச்சத நெனச்சா எனக்கு சோறு எறங்கல. அடுத்த வருஷம் நான் கேக்கவே மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. அவ்ளோதான் சொல்ல வந்தேன்."

என்னைப் போட்டுப் பிசைந்த அதே பயம் அவரையும் பிசைந்திருக்கிறது. எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. என் கணவர் ஒன்றும் புரியாமல் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. காலையிலிருந்து இருந்த சிரிப்பு அதில் இல்லை. அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டு முன்னால் குனிந்து அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லடா."

"மூச்சு வாங்குதா? உண்மைய சொல்லுங்க."

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

அவள் அப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவர் ஏறி இறங்கும் மூச்சைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்து, அங்கே அத்தையே உட்கார்ந்திருப்பதைப்போல் பேசினாள்.

"அத்தை, நான் பேசறேன். நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"அய்யோ," என்றது ஒலிபெருக்கி, மெதுவாக.

"அடுத்த வருஷமும் கேளுங்க அத்தை. கேக்காம விடாதீங்க. இந்த தடவ தப்பா கேட்டுடுச்சு. அடுத்த தடவ தமிழ்லயே சொல்றேன்."

"சொன்னீன்னா நான் எறக்கிடுவேனேடி. எனக்கு வேற வழி தெரியாதேம்மா."

"எறக்குங்க. ஆனா வேற யாரையும் கூப்பிடாதீங்க. என் தலையில இருந்து நீங்களே எறக்கணும், உங்க கையாலயே."

நாத்தனார் அழைப்பைத் துண்டிக்கவில்லை. சாலையின் வலப்பக்கம் வயல்கள் தொடங்கிவிட்டன. நான் கண்ணாடியில் மகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வண்டி எங்கள் தாமான் குடியிருப்புக்குள் திரும்பும்வரைக்கும் அத்தை மூச்சுவிடுவது மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.